புளூட்டோவில் காற்று உண்டா?

சூரியனை எட்டுக் கோள்கள் சுற்றுகின்றன. எட்டாவது கோள் நெப்டியூன். அதற்கும் அப்பால் சுற்றுவது புளூட்டோ. அது நம் நிலவைவிடச் சிறியது. பனிக்கட்டி மூடிய உலகம். சூரியனை ஒருமுறை சுற்ற 248 ஆண்டுகள் ஆகும். முன்பு அதை ஒன்பதாவது கோள் என்றார்கள். 2006 முதல் குறுங்கோள் என்கிறார்கள்.

அவ்வளவு தொலைவில் காற்று இருப்பதை எப்படி அறிவது?

இரவில் திலக் நகர் ரயில் நிலையத்தில் நில்லுங்கள். எதிர்ப் பிளாட்பாரத்து விளக்கைப் பாருங்கள். ரயில் குறுக்கே வந்தால் விளக்கு சட்டென்று மறையும்.

2020 ஜூன் 6 அன்று புளூட்டோ ஒரு விண்மீனுக்குக் குறுக்கே வந்தது. நைனிதால் அருகே தேவஸ்தலில் உள்ள நம் நாட்டுத் தொலைநோக்கிகள் அதைப் பதிவு செய்தன. விண்மீன் சட்டென்று மறையவில்லை. மெல்ல மெல்ல மங்கியது. புளூட்டோவைச் சுற்றியுள்ள காற்று ஒளியை வளைத்துப் பரப்பியதே காரணம்.

மங்கிய அளவை வைத்துக் கணக்குப் போட்டார்கள். அங்கே காற்றின் அழுத்தம் பூமியில் உள்ளதில் 80,000-இல் ஒரு பங்குதான். சுமார் 500 கோடி கிலோமீட்டர் தொலைவில் உள்ள காற்றை நம் மலையில் இருந்தே அளந்துவிட்டார்கள்!

விடை எழுதுங்கள்:
1. புளூட்டோ சூரியனை ஒருமுறை சுற்ற எத்தனை ஆண்டுகள் ஆகும்?
2. விண்மீன் ஏன் மெல்ல மங்கியது?