பக்கத்தை மூடினால் வெளியேறியதாகுமா?



சென்ற மாதம் நமது அலுவலகக் கணினியில் ஒரு மாணவி கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பித்துச் சென்றார். அடுத்து அமர்ந்தவர் அதே தளத்தைத் திறந்ததும் அம்மாணவியின் வங்கிக் கணக்கு எண் திரையில் வந்து நின்றது. கேட்டால், "பக்கத்தை மூடிவிட்டுத்தானே வந்தேன்" என்றார். மூடியது உண்மை, ஆனால் வெளியேறவில்லை.

இதைப் புரிந்துகொள்ள சைக்கிள் ஸ்டாண்டை நினைத்துக்கொள்ளுங்கள். சரியான பாஸ்வேர்டு கொடுத்ததும் இணையதளத்தின் சர்வர் நமக்கு ஒரு ரகசிய எண்ணைத் தருகிறது. பிரவுசர் அதை 'குக்கீ' என்ற சிறு குறிப்பில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பக்கத்துக்கும் டோக்கன் போலக் காட்டுகிறது. டோக்கன் செல்லும் வரையிலான காலமே 'செஷன்'. 'லாக் அவுட்' அழுத்தினால் அந்த எண் ரத்தாகும். பக்கத்தை மூடுவது, டோக்கனை மேசைமேல் வைத்துவிட்டு வருவதற்குச் சமம்.

வழக்கமாக வரும் சிக்கல்கள்:

1. லாக் அவுட் செய்த பிறகும் 'பேக்' அழுத்தினால் பழைய பக்கம் தெரிகிறதா? அது பிரவுசர் சேமித்த நகலாக இருக்கலாம். 'ரீஃப்ரெஷ்' செய்யுங்கள். பாஸ்வேர்டு கேட்டால் வெளியேறிவிட்டீர்கள். கேட்காமல் அதே பக்கம் மீண்டும் வந்தால் இன்னும் உள்ளேயே இருக்கலாம்.

2. கூகுள் கணக்கு வழியாக ஒரு தளத்தில் நுழைந்தீர்களா? அந்தத் தளத்திலிருந்து வெளியேறினாலும் கூகுள் கணக்கு திறந்தே இருக்கும். இரண்டிலிருந்தும் வெளியேற வேண்டும்.

3. மறந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டீர்களா? கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் உங்கள் சாதனங்களின் பட்டியல் இருக்கும். அங்கிருந்தே அந்தக் கணினியை வெளியேற்றலாம். வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' பகுதியைப் பாருங்கள்.

இணையதளம் உருவாக்கப் பயிலும் நம் பிள்ளைகளுக்கு ஒரு சொல்: லாக் அவுட் பட்டன் குக்கீயை மட்டும் அழித்தால் போதாது. சர்வரிலும் அந்த எண்ணை ரத்து செய்ய வேண்டும். இல்லையேல், முன்பே அந்த எண்ணை நகலெடுத்தவர் அதைக்கொண்டு உள்ளே வரமுடியும்.

பொதுக் கணினியில் 'பாஸ்வேர்டைச் சேமிக்கவா?' என்று கேட்டால், வேண்டாம் என்றே சொல்லுங்கள். பிறருடைய கணக்கு திறந்து கிடப்பதைக் கண்டால், அதுவும் ஓர் அமானிதமே. உள்ளே பார்க்காமல் லாக் அவுட் செய்துவிட்டு, பிறகு உங்கள் வேலையைத் தொடங்குங்கள்.