பனிக்காலத்தில் கூரை வீட்டுத் தீ

கணவன் மனைவி இருவரும் சேர்ந்து படிக்க வேண்டிய செய்தி இது.

மார்கழி, தை மாதங்களில் மணலூர்பேட்டைப் பக்கம் ஆற்றங்கரைக் குளிர். கல்வராயன் மலையிலோ கேட்கவே வேண்டாம். கூரைதான் பனியில் நனைஞ்சு கிடக்குதே, தீப்பிடிக்குமா என்பீர்கள். நனைவது மேல்புறம்தான். உள்புறம் அடுப்புப் புகையில் காய்ந்து, ஒட்டடை தொங்குகிறது. ஒரு பொறி போதும். 2004-ஆம் ஆண்டு கும்பகோணம் பள்ளியில் 94 பிள்ளைகளைப் பறித்த தீயும் சமையற்கூடத்திலிருந்து கூரைக்குத் தாவியதுதான்.

ஆகவே படுக்கும் முன் அடுப்புத் தணலில் தண்ணீர் தெளியுங்கள். ஒட்டடையை இருவரில் யார் அடித்தாலும் சரி, அது பெண்கள் வேலை மட்டுமல்ல. கார்த்திகை விளக்கைத் தாழ்வாரத்து ஓலைக்கடியில் வைக்க வேண்டாம். போகி நெருப்பும் கூரையை விட்டுத் தள்ளியே இருக்கட்டும்.

பிள்ளைக்குக் குளிருதுன்னு தணல் சட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துகிறார்களே, அதுதான் மிகக் கொடியது. வீடு பற்றாவிட்டாலும், கரித்தணலில் கிளம்பும் வாசனையற்ற நச்சுக்காற்று தூக்கத்திலேயே கொன்றுவிடும். கூட ஒரு சட்டை போட்டு, தாயின் அணைப்பில் படுக்க வையுங்கள்.

தீப்பிடித்தால் பண்டபாத்திரம் எடுக்கத் திரும்பாதீர்கள். பிள்ளைகளோடு வெளியேறி 101-க்குப் பேசுங்கள். வெந்த இடத்தில் இங்க், மாவு எதுவும் தடவாமல் இருபது நிமிடம் பச்சைத் தண்ணீர் ஊற்றுங்கள். காயம் பெரிதென்றால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.