கண்டுபிடித்தால் மட்டும் போதுமா?

பிள்ளைப்பாக்கம்

அன்புள்ள மகளுக்கு,

உயிர்த்தொழில்நுட்பம் படித்தவர்கள் ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும், சிப்காட்டில் ஷிப்ட் பார்ப்பது படிப்பை வீணாக்குவது என்று ஒரு நினைப்பு உன் வயதுப் பிள்ளைகளிடம் இருக்கிறது. பெனிசிலினின் கதை அதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. 1928இல் லண்டனில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் பெனிசிலினைச் சுரக்கும் பூஞ்சையின் ஆற்றலைக் கண்டார். ஆனால் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியும் அது கைக்கு எட்டும் மருந்தாகவில்லை. 1940இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஃப்ளோரி, செயின், ஹீட்லி ஆகியோர் அதைப் பிரித்தெடுத்து, நோய்த்தொற்று ஏற்றிய எலிகளைப் பிழைக்க வைத்தனர். 1941 பிப்ரவரியில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற காவலருக்கு ஊசி போட்டதும் அவர் தேறத் தொடங்கினார். சிறுநீரில் வெளியேறிய மருந்தைக்கூட மீட்டெடுத்து மறுபடி ஏற்றினார்கள். அப்படியும் இருப்பு தீர்ந்துபோனது. மார்ச்சில் அவர் இறந்தார். மருந்து வேலை செய்கிறது என்று அவருடைய மருத்துவர்களுக்குத் தெரியும். அவர்களிடம் இல்லாதது மருந்தின் அளவுதான்.

அந்த அளவைக் கொண்டுவந்தது உற்பத்தி நுட்பம். பூஞ்சைக்குக் காற்று வேண்டும் என்பதால் முதலில் தட்டையான பாத்திரங்களில், நீர்மத்தின் மேற்பரப்பில் மட்டும் வளர்த்தார்கள். பாத்திரங்களைப் பெருக்காமல் மருந்து பெருகவில்லை. போர் நெருக்கடியில் 1941 ஜூலையில் ஃப்ளோரியும் ஹீட்லியும் அமெரிக்கா போனார்கள். பியோரியா நகரில் இருந்த அரசு ஆய்வகத்தில், மக்காச்சோளத்திலிருந்து ஸ்டார்ச் எடுக்கும்போது மிஞ்சும் ஊறல் நீரைச் சேர்த்ததும் விளைச்சல் பல மடங்கானது. 1943இல் அவ்வூரில் கிடைத்த ஒரு முலாம்பழத்தின் பூஞ்சை இன்னும் கூடுதலாகச் சுரந்தது. சிட்ரிக் அமிலம் தயாரித்துப் பழகிய ஃபைசர் நிறுவனம், புரூக்ளினில் ஒரு பழைய ஐஸ் தொழிற்சாலையை வாங்கி, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 28,000 லிட்டர் கொள்ளும் 14 தொட்டிகளை நிறுவி, 1944 மார்ச்சில் ஓட்டத் தொடங்கியது. கிருமி நீக்கிய காற்றை அடியிலிருந்து செலுத்த வேண்டும், ஓயாமல் கலக்க வேண்டும், சூட்டைத் தணிக்க வேண்டும். வெளியிலிருந்து பாக்டீரியா புகுந்தால், அது சுரக்கும் நொதி பெனிசிலினைச் சிதைத்து ஒரு பேட்ச் முழுவதையும் கெடுத்துவிடக்கூடும். ஜூனில் நார்மண்டியில் படைகள் இறங்கியபோது காயம்பட்டவர்களுக்கு மருந்து தயாராக இருந்தது.

'ஃபிளெமிங் காணாவிட்டால் எதைத் தயாரித்திருப்பார்கள்?' என்று நீ கேட்கலாம். நியாயமான கேள்விதான். விதை இல்லாமல் விளைச்சல் இல்லை. ஆனால் எந்த வகையை வளர்ப்பது, எதை ஊட்டுவது, காற்றை எப்படித் தூய்மையாக்குவது என்பவையும் விடை தெரியாத கேள்விகளாகவே இருந்தன. அவற்றுக்கு விடை தேடியதும் ஆராய்ச்சிதான். நடந்த இடம்தான் வேறு. 'போர்க்காலத்தில் அரசு பணத்தைக் கொட்டியது, அதனால் முடிந்தது' என்பது அடுத்த மறுப்பு. அதே போரில் பெனிசிலினை வேதியியல் வழியில் செயற்கையாக ஆக்கவும் பெரும் முயற்சி நடந்தது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் தேர்ந்த வேதியியலாளர்கள் உழைத்தும் அது போருக்குப் பயன்படவில்லை. ஜான் ஷீஹன் 1957இல்தான் அதைச் சாதித்தார். பணம் இரண்டு வழிக்கும் போனது, கரை சேர்ந்தது தொட்டி வழி. பணம் அவசியம்தான், ஆனால் அது கைத்திறனுக்கு ஈடாகாது.

'மலிவாக விற்கும் நாட்டில் வாங்கிக்கொள்ளலாமே' என்பது மூன்றாவது மறுப்பு. இதற்கு நம் நாட்டு அனுபவமே பதில். யுனிசெஃப், உலக சுகாதார நிறுவனம் ஆகியவற்றின் உதவியோடு புனேக்கு அருகே பிம்ப்ரியில் 1954இல் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் உருவானது. அடுத்த ஆண்டே இந்தியப் பெனிசிலின் வந்தது. பின்னாளில் மலிவான சீனச் சரக்கு வரவர, இங்கே மூலப்பொருளான பெனிசிலின் ஜி தயாரிக்கும் தொட்டிகள் ஒவ்வொன்றாக நின்றன. மாத்திரை செய்யும் திறன் நம்மிடம் தங்கியது, மூலப்பொருள் கைவிட்டுப் போனது. அந்தச் சார்பைக் குறைக்க அரசு ஊக்கத்தொகை அறிவிக்க வேண்டியதாயிற்று. 2024இல்தான் காக்கிநாடாவில் புதிய பெனிசிலின் ஜி ஆலை எழுந்தது. கைவிட்ட தொழிலை மீட்பது, புதிதாகத் தொடங்குவதைவிட எளிதல்ல.

நம் பக்கமே பார். ஆர்க்கிட் நிறுவனம் ஆலத்தூரிலும் இருங்காட்டுக்கோட்டையிலும் ஆன்டிபயாடிக் தயாரித்து வருகிறது. அதே நிறுவனத்தின் சென்னை ஆய்வகத்தில் பிறந்த என்மெட்டாசோபேக்டம், பழைய மருந்தான செஃபெபிமோடு சேர்த்து, சிக்கலான சிறுநீர்த் தொற்றுகளுக்காக 2024இல் அமெரிக்க ஒப்புதல் பெற்றது. ஆய்வும் ஆக்கமும் ஒரே குடும்பத் தொழில் என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் சான்று இல்லை. ஆகவே புது மருந்து பற்றிப் படிக்கும்போதெல்லாம், கண்டவர் யார் என்பதோடு நிறுத்தாதே. எங்கே, எதில், எவ்வளவு தயாராகிறது என்றும் கேள். அந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லத் தெரிந்தவள் எந்த ஷிப்டில் நின்றாலும் அறிவியல்தான் செய்கிறாள்.

அன்புடன்,
அப்பா