சிட்லிங்கி கற்பிக்கும் பாடம்

மருத்துவத்தைத் திருவள்ளுவர் நான்கு கூறுகளாகப் பகுத்தார். நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு அருகிலிருந்து பேணுபவரையும் அவர் ஒரு கூறாக வைத்தார். அந்நான்காம் கூற்றின் அருமையைத் தருமபுரி மாவட்டத்துச் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் காணலாம்.

மலையாளிப் பழங்குடியினர் மிகுதியாக வாழும் இப்பகுதிக்கு, 1993ஆம் ஆண்டு ரெஜி ஜார்ஜ், லலிதா என்னும் மருத்துவ இணையர் வந்தனர். அந்நாளில் இங்குப் பிறந்த 1000 குழந்தைகளுள் 147 குழந்தைகள் ஓராண்டு நிறையும் முன்னரே இறந்தன. சிறு குடிசையில் மருத்துவமனை தொடங்கிற்று. இருவர் மட்டும் எத்தனை ஊர்களைக் காக்க இயலும்? ஆகவே, அவ்வூர்ப் பெண்களையே நலப்பணியாளர்களாகப் பயிற்றுவித்தனர். பின்னாளில் குழந்தை இறப்பு பெருமளவு குறைந்தது.

இத்தகைய இடத்திற்கு அனுபவம் பெற வரும் மருத்துவ மாணவர்களும் தன்னார்வலர்களும் கற்பது யாது? வயிற்றுப்போக்குற்ற குழந்தைக்கு, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து புகட்ட வேண்டும் என்பதை நூலே கூறிவிடும். ஆனால், ‘தண்ணீர் கொடுத்தால் வயிற்றுப்போக்கு மிகும்’ என அஞ்சும் தாயின் மனத்தை மாற்றும் திறனை நூல் தாராது. அதனை, அத்தாயின் பேச்சையும் அடுப்படியையும் அறிந்த நலப்பணியாளரிடமே கற்றாக வேண்டும். பட்டம் பெறப்போகும் மாணவர், ஊர்ப்பெண்ணின் பின்னே நடந்து வீடு வீடாகச் செல்லும்போதுதான் மருத்துவக் கல்வி நிறைவடைகிறது.