கலுங்கில் தொடங்கும் பாடம்

நீரைக் காப்பது எப்படி என்று கேட்டால் பெரும்பாலான மாணவர்கள் மூன்று விடைகளை மடமடவென்று சொல்லிவிடுவார்கள்: குழாயை மூட வேண்டும், மரம் நட வேண்டும், மழைநீர்த் தொட்டி கட்ட வேண்டும். மூன்றும் சரியே. ஆனால் மதுரை மாவட்டத்தின் மேலூர்ப் பகுதியில் நான் பாடம் எடுக்கும் பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் ஒன்றோ இரண்டோ ஏக்கர் நிலம் இருக்கிறது. அந்த நிலம் விளைவதும் தரிசாவதும் குழாயால் அல்ல, கண்மாயால். அதனால் ஏழு, எட்டாம் வகுப்புகளில் இந்தப் பாடத்தைக் கண்மாயிலிருந்தே தொடங்குகிறேன், அதிலும் கலுங்கிலிருந்து.

கண்மாய் நிறைந்ததும் மிகுதி நீர் வழிந்து வெளியேறும் கற்கட்டுதான் கலுங்கு. “இதில் வழியும் தண்ணீர் எங்கே போகிறது?” என்று கேட்பேன். “வீணாப் போகுது சார்”, “கடலுக்குப் போகுது” என்பார்கள். பிறகு மறுகால் ஓடையைப் பிடித்துக்கொண்டு நடந்தால், அதுவே அடுத்த ஊர்க் கண்மாயின் வரத்துக்கால் என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். மதுரைச் சமவெளியின் கண்மாய்களில் பெரும்பாலானவை இப்படிச் சங்கிலியாகக் கோத்தவை. கலுங்கின் மேல் மணல் மூட்டை அடுக்கி உயர்த்தினால் நம் உள்வாயில் நீர் ஏறும், கீழூர் காயும். கலுங்கை இடித்துத் தாழ்த்தினால் நம் ஆயக்கட்டுக்கே நீர் போதாது. அந்தக் கல்லின் உயரம் இரண்டு ஊர்களுக்கு இடையிலான ஒப்பந்தம் என்பது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு நன்றாகவே புரிகிறது.

அடுத்தது கணக்கு வகுப்பு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். ஒரு ஏக்கர் சுமார் 4,047 சதுர மீட்டர். மதுரையின் ஆண்டு மழை ஏறத்தாழ 850 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் ஓர் ஏக்கரில் ஆண்டு முழுவதும் விழும் நீர் சுமார் 34 லட்சம் லிட்டர். ஒரு போக நெல்லுக்கோ ஏறத்தாழ 1,200 மி.மீ. நீர் வேண்டும், அதாவது 48 லட்சம் லிட்டருக்கும் மேல். இந்த இடத்தில் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருங்கள். ஆண்டு மழை முழுவதும் ஒரு சொட்டு சிந்தாமல் நம் வயலிலேயே நின்றாலும் நெல்லுக்குப் போதாது. மீதி எங்கிருந்து வருகிறது? யாராவது ஒரு பிள்ளை, “மத்தவங்க நெலத்துல பெஞ்ச மழை சார்” என்று சொல்லும். ஆமாம். மேட்டு நிலத்திலும் கரட்டிலும் பெய்து, வரத்துக்கால் வழியே வந்து, கண்மாயில் தேங்கி, மடை வழியே இறங்கிய மழை. தன் வயலை மட்டும் நன்றாகப் பார்த்துக்கொள்ளும் விவசாயி ஏன் தோற்கக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் பாடநூல்களில் கண்டதில்லை.

உளுந்துக்கு 300 மி.மீ. அளவு நீர் போதும். “அப்போ கண்மாய் பாதிதான் நெறஞ்சா உளுந்து போடலாமே?” என்று கேட்பார்கள். போடலாம், ஆனால் தனியாகப் போட முடியாது. சுற்றிலும் நெல் வயல் இருந்தால் ஊற்றுநீர் கசிந்து உளுந்தின் வேர் அழுகிவிடும். ஒரு மடைக்குக் கீழே உள்ளவர்கள் எல்லாரும் சேர்ந்து முடிவெடுத்தால்தான் பயிரை மாற்ற முடியும்.

சேர்ந்து முடிவெடுப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு ஒரு விளையாட்டு உண்டு. எட்டுப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஆளுக்கொரு டம்ளர் கொடுத்து, முதல் பிள்ளையிடம் ஒரு குடம் தண்ணீர் கொடுங்கள். வேண்டிய அளவு எடுத்துக்கொண்டு குடத்தை அடுத்தவருக்குத் தர வேண்டும் என்பது மட்டுமே விதி. டம்ளர்களின் அளவு வேறு வேறாக இருக்கட்டும்; எட்டுக்கும் போதாத அளவுக்கே குடத்தில் நீர் இருக்கட்டும். தலைமடைக்காரர் நிரப்பிக்கொள்வார், கடைமடைக்காரர் வெறும் டம்ளரோடு நிற்பார். இரண்டாம் சுற்றுக்கு விதியை அவர்களே வகுக்கட்டும். தலைக்கு இவ்வளவா, டம்ளர் அளவுக்கு ஏற்பவா? கடைசியில் நிற்பவர் முதலில் எடுக்கலாமா? என் வகுப்பில் இந்த விவாதம் ஒரு முறைகூட ஒரே பாடவேளையில் முடிந்ததில்லை.

விவாதம் சூடாக இருக்கும்போதே நீர்பாய்ச்சியைப் பற்றிச் சொல்லலாம். மடையைத் திறந்து மூடி, வயலுக்கு வயல் முறைவைத்து நீர் விட்டவர் அவர். அறுவடையின்போது களத்துமேட்டிலேயே அவருக்கு நெல் அளந்து தரப்பட்டது. பல ஊர்களில் ஆயக்கட்டில் சொந்த நிலம் இல்லாதவரையே இதற்கு வைத்தார்கள். பக்கச்சார்பு வராது என்பது எண்ணம். இதைக் கேட்டதும் ஒரு மாணவி, “எல்லாருக்கும் தண்ணி விடுறவருக்கு மட்டும் ஏன் சார் நெலம் இல்ல?” என்றாள். தட்டிக்கழிக்கக் கூடாத கேள்வி அது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து வரத்துக்காலை வெட்டிய குடிமராமத்தைப் பெருமையோடு சொல்கிறோம். மண் சுமந்தவர்களும் நிலம் வைத்திருந்தவர்களும் எல்லா ஊரிலும் ஒரே மக்கள் அல்லர். 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றே கொண்டுவரப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு முழுமையாகும்.

தலைமடையும் கடைமடையும் ஓர் ஊருக்குள் மட்டும் இருப்பவை அல்ல. 1895இல் முல்லைப் பெரியாறு அணை முடிந்து, நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே வைகைப் படுகைக்கு வந்தது. அந்தப் பாசனத்தில் பேரணை முதல் கள்ளந்திரி வரை இருபோகம். அதற்குக் கீழே எங்கள் மேலூர்ப் பக்கம் ஒருபோகம். வரைபடத்தில் இதைக் காட்டும்போது எங்கள் பிள்ளைகள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அறிவியல் ஆசிரியர் செய்யக்கூடியது கரம்பைச் சோதனை. அடி வெட்டிய இரண்டு பாட்டில்களைக் கவிழ்த்து, வாயில் துணி கட்டி, ஒன்றில் செவல் மண், மற்றதில் அதே மண்ணோடு கண்மாய்க் கரம்பை கலந்து நிரப்பி, ஒரே அளவு நீர் ஊற்றி, கீழே வடிவதை அளக்க வேண்டும். கரம்பை கலந்த மண் கூடுதலாக நீரைப் பிடித்துக்கொள்ளும். வண்டல் எடுப்பதால் வயலுக்குச் சத்து, கண்மாய்க்கு ஆழம். உரிய அனுமதி பெற்றே எடுக்க வேண்டும், கரையை ஒட்டித் தோண்டக் கூடாது என்பவையும் பாடத்தின் பகுதிகளே.

மதுரை நகர ஆசிரியர்கள், “எங்களுக்கு ஏது கண்மாய்?” என்று நினைக்க வேண்டாம். தல்லாகுளம், ஆத்திகுளம், நாகனாகுளம், பீ.பீ.குளம் என்று பேருந்துப் பலகைகளே பாடம் சொல்லும். 2024 அக்டோபரில் கனமழை கொட்டியபோது செல்லூர்ப் பகுதித் தெருக்களில் வெள்ளம் புகுந்ததைப் பார்த்த பிள்ளைகள் அங்கேயே இருக்கிறார்கள். செல்லூர்க் கண்மாயிலிருந்து வைகை வரை நீர் போகும் பாதையை அவர்களால் வரைய முடியும்.

களப்பயணத்தைச் செப்டம்பரில், வடகிழக்குப் பருவமழைக்கு முன் வைத்துக்கொள்ளுங்கள். நீர் நிறைந்த கண்மாய்க்கோ வண்டல் எடுத்த பள்ளங்களின் பக்கமோ பிள்ளைகளை அழைத்துப் போக வேண்டாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன். வரைபடத்தில் எந்த வயலுக்கும் வீட்டுக்கும் உரிமையாளர் பெயர் எழுத விடாதீர்கள். வரத்துக்காலைப் பிடித்து நடக்கும்போது அது எங்கோ ஒரு வேலியில் முட்டி நிற்கும். அந்த வேலி வகுப்பில் இருக்கும் ஒரு பிள்ளையின் வீட்டுடையதாக இருக்கலாம். எங்கள் வரைபடத்தில் அப்படிப்பட்ட இடங்களை “ஓடை இங்கே தெரியவில்லை” என்று மட்டும் குறிக்கிறோம். சென்ற ஆண்டு அந்தப் படத்தைப் பார்த்த ஒரு மாணவன் எதுவும் பேசவில்லை. மறுநாள், கிராம நிர்வாக அலுவலரிடம் பழைய வரைபடம் இருக்குமா, தாத்தாவோடு போனால் காட்டுவார்களா என்று கேட்டான். கேட்டால் காட்டுவார்கள் என்றேன்.