லாரியின் நான்கு சக்கர இழுப்பில் மின்சாரப் பழுது கண்டறியும் முறை

மோட்டார் வண்டியின் நான்கு சக்கரங்களும் ஒருங்கே தரையைப் பற்றி இழுப்பதற்கான ஏற்பாடு, 1941-இல் யுத்தத்திற்கென்று செய்யப்பட்ட ஜீப் வண்டியில் இரண்டு இரும்புக் கோல்களால் இயங்கியது. ஒரு கோலைத் தள்ளினால் முன் அச்சு சேரும். மற்றதைத் தள்ளினால் வேகம் குறைந்து இழுப்பு பெருகும். அதில் மின்சாரக் கம்பி கிடையாது. கோல் அசையாவிடில் துருவோ தேய்மானமோ காரணமென்று கண்ணாலேயே கண்டுகொள்ளலாம். பிற்காலத்து வண்டிகளில் அக்கோல்களின் ஸ்தானத்தைப் பொத்தான்கள் பற்றிக்கொண்டன. வேலை சுலபமாயிற்று, பழுது மட்டும் கண்ணுக்கு மறைவாகிவிட்டது.

இவ்வகை லாரிகள் மிகுதியாக உழைக்கும் தேசம் அமெரிக்க ஐக்கிய நாடுகளாகும். அங்கே மின்னசோட்டா, விஸ்கான்ஸின் முதலிய வட மாகாணங்களில், பால் ஐக்கிய சங்கங்களின் அங்கத்தினர்களான குடியானவர்கள், பனி மூடிய பாதையிலும் பண்ணைக்கும் பட்டணத்துக்கும் போய்வர வேண்டியவர்கள். பாதையில் உறையும் பனி கரையும் பொருட்டு உப்பைத் தூவுவது அப்பிரதேசங்களின் வழக்கம். அவ்வுப்பு நீர் வண்டியின் அடிப்பாகத்தில் தெறித்து, ஒயர் இணைப்புகளில் புகுந்து, செம்பைப் பச்சைக் களிம்பாக்கிவிடுகிறது. ஆகவே நான்கு சக்கர இழுப்பு மிக வேண்டியிருக்கும் காலத்தை அடுத்தே அது கெட்டுப்போகவும் நேர்கிறது. இத்தகைய பழுதை எங்ஙனம் தேடுவது என்பதையே இங்கு விவரிக்கிறோம். தேடும் முறை எந்த ஊர் வண்டிக்கும் பொருந்துவதாகும்.

உதாரணமாக, 1999 முதல் 2006 வரையுள்ள வருஷங்களின் மாதிரிகளாக வந்த ஷெவர்லே சில்வராடோ என்னும் லாரியை எடுத்துக்கொள்வோம். அதில் பொத்தானால் இயங்கும் வகையில், ஓட்டுபவர் பொத்தானை அழுத்தினால் சக்கரம் உடனே சேர்ந்துவிடுவதில்லை. பொத்தானின் செய்தி முதலில் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் போகிறது. அப்பெட்டி, வண்டியின் நடுவில் கியர் பெட்டிக்குப் பின்னே பொருத்தியுள்ள டிரான்ஸ்பர் பெட்டியின் மேலிருக்கும் சிறு மோட்டாருக்கு மின்சாரத்தை விடுகிறது. மோட்டார் சுழன்று உள்ளிருக்கும் பற்சக்கரங்களை இடம் மாற்றுகிறது. மோட்டார் எந்த நிலையில் நிற்கிறது என்பதை, அதனுடன் சேர்ந்த நிலை அறிவிப்பான் பெட்டிக்குத் திரும்பத் தெரிவிக்கிறது. முன் அச்சிலும் வேறொரு சிறு மோட்டார் இருந்து, அச்சின் துண்டுபட்ட பாகங்களைச் சேர்க்கிறது. இவை யாவும் ஒழுங்காக நடந்தால்தான் பொத்தானின் விளக்கு நிலையாக எரியும். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் பெட்டி காரியத்தை நிறுத்திவிட்டு எச்சரிக்கை விளக்கைக் காட்டும்.

கருவியைக் கையில் எடுக்குமுன், இது பழுதுதானா என்று கேட்டுக்கொள்ளுதல் வேண்டும். மேற்கண்ட வண்டியில், குறைந்த வேகத்து நான்கு சக்கர இழுப்பிற்கு மாற்றுங்கால் வண்டி நின்றிருக்க வேண்டும். அல்லது மணிக்கு 3 மைலுக்குக் குறைவாக நகர வேண்டும். கியரும் நியூட்ரலில் இருத்தல் வேண்டும். இவ்விதி தவறினால் விளக்கு மினுக்கிக்கொண்டேயிருக்கும், மாற்றம் நிகழாது. அது பழுதன்று. அக்கம்பெனியார் 1988 முதல் செய்த முந்திய லாரிகளிலோ, முன் அச்சைச் சேர்க்கும் கருவி மோட்டாரன்று; மின்சாரத்தால் உஷ்ணமடைந்து விரியும் பொருளைக் கொண்டு தண்டைத் தள்ளுவது. கடுங்குளிரில் அது மெதுவாகவே சேரும். அவசரப்பட்டு அதை ‘கெட்டது’ என்று கழற்றி எறிந்தவர்கள் பலர். டயர்கள் நான்கும் ஒரே அளவும் ஒத்த தேய்மானமும் உடையனவா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். உலர்ந்த கெட்டிப் பாதையில் நான்கு சக்கர இழுப்பைச் சேர்த்தே ஓட்டியிருந்தால் பற்சக்கரங்கள் இறுகி விடுபட மறுக்கும். அதற்கும் மின்சாரத்துக்கும் சம்பந்தமில்லை.

பழுதுதான் என்று தெரிந்தபின் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கைப் பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தல் அவசியம். இதை ஜாக்கிரதைக்காகச் சொல்லும் வெறும் வார்த்தை என்று தள்ளிவிடக்கூடாது. டிரான்ஸ்பர் பெட்டி இரண்டு நிலைகளுக்கு நடுவே நியூட்ரலில் நின்றுவிட்டால், கியரைப் ‘பார்க்’ ஸ்தானத்தில் வைத்திருந்தாலும் வண்டி உருளும். கீழே படுத்திருப்பவரின் உயிர் அந்தக் கட்டையில் இருக்கிறது.

முதற் பரீக்ஷைக்குக் காதே போதும். ஒருவர் சாவியைத் திருப்பி, இன்ஜினை ஓட்டாமல், பொத்தானை அழுத்தட்டும். மற்றொருவர் வெளியே நின்று கேட்கட்டும். வண்டியின் நடுவில் மோட்டார் சுழலும் ஓசை வருகிறதா, முன் அச்சில் வருகிறதா என்று கவனித்தால், தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும். பொத்தான் விளக்குகள் ஒன்றுமே எரியாவிடில், கட்டுப்பாட்டுப் பெட்டிக்கே மின்சாரம் போகவில்லை என்று கொண்டு பியூஸ்களைப் பார்க்க வேண்டும். ஒரு முறை எரிந்த பியூஸுக்குப் பதில் அதே அளவுள்ளதைப் போடலாம். அதுவும் எரிந்தால் ஒயர் எங்கோ உராய்ந்து இரும்பைத் தொடுகிறது என்று பொருள். பெரிய பியூஸைப் போடுவது ஒயர் முழுவதையும் தீக்கு இரையாக்குவதாகும்.

இனி வருவதே இக்கட்டுரையில் முக்கியமானது; பெரும்பாலோர் பணத்தை இழப்பதும் இவ்விடத்தில்தான். மோட்டாருக்குப் போகும் இணைப்பைக் கழற்றி, மீட்டரை வைத்து, ‘12 வோல்ட் இருக்கிறது, ஆகவே ஒயர் நன்று, மோட்டாரே கெட்டது’ என்று முடிவு கட்டுகிறார்கள். இம்முடிவு தவறு. தொட்டியிலிருந்து வரும் குழாயில் வேர் புகுந்து அடைத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். கடைசி அடைப்பானை மூடியிருக்கும் வரை அவ்விடத்தில் நீரின் அழுத்தம் முழுமையாகவே தெரியும். திறந்தவுடன் நூலிழை போல் ஒழுகும். மின்சாரமும் அத்தன்மையதே. ஒயரில் ஒரே ஓர் இழை மிஞ்சியிருந்தாலும், மின்னோட்டம் இல்லாதபோது மீட்டர் 12 வோல்ட்டைக் காட்டும். ஏனெனில் மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் மிகச் சொற்பம். மோட்டார் வேலை செய்ய முயலும் சமயத்தில் அளந்தால்தான் உண்மை வெளிப்படும். ஆகையால் இணைப்பைக் கழற்றாமல், பின்புறமாக மீட்டரின் ஊசியைச் செருகி, பொத்தானை அழுத்தும்போது அளத்தல் வேண்டும்.

எமக்குத் தெரிந்த ஒரு லாரியின் வரலாறு இதை விளக்கும். பொத்தானை அழுத்தினால் மோட்டார் ‘உம்’ என்று முனகி நின்றுவிடும். ஒரு தொழிற்சாலையில் மோட்டாரை மாற்றினார்கள், பயனில்லை. பிறகு கட்டுப்பாட்டுப் பெட்டியையும் மாற்றினார்கள். இரண்டு நாள் நன்றாக ஓடி, மழை பெய்தவுடன் பழைய நிலைக்கே வந்தது. கடைசியில் அளந்து பார்த்தபோது கண்ட கணக்கு இது: மோட்டார் முனகும் தருணத்தில் பாட்டரியில் 12.2 வோல்ட், மோட்டாரின் இரு முனைகளுக்கிடையே 7.5 வோல்ட், பாட்டரியின் நேர்முனையிலிருந்து பெட்டி வழியாக மோட்டார் வரை வீணானது 0.5 வோல்ட். எஞ்சிய 4.2 வோல்ட் எங்கே போயிற்று? பெட்டியின் எர்த் ஒயருக்கும் பாட்டரியின் எதிர்முனைக்கும் இடையில் மீட்டரை வைத்ததும், அந்த 4.2 அப்படியே அங்கே தெரிந்தது. சட்டத்தோடு எர்த் ஒயரைப் பிணைத்திருந்த போல்ட்டின் அடியில் துரு செதிலாக நின்றது. நல்ல எர்த் இணைப்பில் இவ்விழப்பு 0.2 வோல்ட்டுக்கு மேற்படலாகாது. போல்ட்டைக் கழற்றி, இரும்பு பளபளக்கும்படி சுரண்டி, மறுபடி முறுக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மாற்றிய இரண்டு பாகங்களின் விலையோ திரும்பி வரவில்லை. தனி மனிதனின் நஷ்டமே வருந்தத்தக்கது. சங்கத்தின் பொதுப் பணத்தில் வாங்கிய வண்டியாயின், அதற்குச் சபையில் கணக்கும் சொல்ல வேண்டும் அல்லவா?

மீட்டர் இல்லாதவிடத்துச் சாதாரண பல்பு வைத்த சோதனை விளக்கும் உதவும். அது ஓரளவு மின்னோட்டத்தை இழுப்பதால், மெலிந்த இணைப்பில் மங்கிக் காட்டும். ஆயினும் அதை மோட்டாரின் தடித்த ஒயர்களிலும் பியூஸ்களிலும் மட்டுமே உபயோகிக்கலாம். நிலை அறிவிப்பானின் மெல்லிய ஒயர்களில் சோதனை விளக்கை வைத்தால், அது இழுக்கும் மின்னோட்டத்தைத் தாங்காது பெட்டியே பழுதுபடக்கூடும்.

நிலை அறிவிப்பானைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழுதுக் குறிகளைப் படிக்கும் கருவியை மாட்டினால், மேற்கூறிய ஷெவர்லே வண்டிகளில் ‘சி 0327’ என்னும் குறி வருவதுண்டு. நிலை அறிவிப்பானின் மின்சுற்றில் கோளாறு என்பது அதன் பொருள். சுற்று என்று சொன்னதைக் கவனிக்க வேண்டும். அறிவிப்பான் கெட்டது என்று அது சொல்லவில்லை. அறிவிப்பானும் இருக்கலாம், ஒயரும் இருக்கலாம், இணைப்பில் புகுந்த நீரும் இருக்கலாம். இணைப்பைக் கழற்றி, முனைகளில் பச்சைக் களிம்பு உளதா, ஊசி பின்னுக்குத் தள்ளப்பட்டுளதா என்று பார்த்து, ஒயர் கட்டை மெல்ல அசைத்துக்கொண்டே மீட்டரின் அளவு துள்ளுகிறதா என்று கவனிப்பது, கருவி காட்டும் எழுத்தைக் காட்டிலும் பன்மடங்கு பயன் தரும்.

எல்லா வண்டியும் ஒரே விதமாக அமைந்ததென்று எண்ணிவிடக்கூடாது. ஃபோர்டு கம்பெனியாரின் எப்-150 லாரியில், 2004-ஆம் வருஷ மாதிரி முதற்கொண்டு, முன் சக்கரங்களைப் பிரித்து வைப்பது இன்ஜினிலிருந்து வரும் வெற்றிடத்தின் இழுப்பு. அது நீங்கினால் வில் தள்ளிச் சக்கரங்கள் தாமே அச்சுடன் சேரும். மின்சாரத்தால் திறந்து மூடும் சிறு வால்வு ஒன்றே அவ்விழுப்பை விடுவதும் நிறுத்துவதும். எனவே குழாய் வெடித்தோ வால்வில் நீர் புகுந்தோ இழுப்பு மெலிந்தால், இரண்டு சக்கர ஓட்டத்திலேயே பற்கள் அரைகுறையாகச் சேர்ந்து, அரைக்கும் ஓசை முன் சக்கரத்தருகே எழும். அங்கே மின்சாரத்தை எவ்வளவு அளந்தாலும் குற்றவாளி அகப்படான். கைப்பம்பினால் குழாயில் வெற்றிடம் உண்டாக்கி, அது நிற்கிறதா இறங்குகிறதா என்று பார்த்தல் வேண்டும்.

இணைப்பைச் சீர்செய்யும்போது களிம்பேறிய முனையைச் சுரண்டிவிட்டு அப்படியே மாட்டினால் அடுத்த ஈர காலத்தில் மீண்டும் கெடும். கறுத்துப்போன செம்பை வெட்டி நீக்கி, பளபளப்பான பாகம் வரும் வரை பின்சென்று, புது முனையை இறுக்கி, நீர் புகாத உறையிட்டு, இணைப்புக்கென்று விற்கும் மின் கடத்தாத கிரீஸைத் தடவ வேண்டும். ஒயரை எக்ஸாஸ்ட் குழாய்க்கு எட்டக் கட்டி, சுழலும் தண்டில் உராயாதபடி விட வேண்டும். பிறகு முன்போலவே பொத்தானை அழுத்தி மறுபடி அளந்து, கண்ட வோல்ட் அளவுகளைத் தேதியுடன் வண்டிப் புஸ்தகத்தில் எழுதிவைத்தல் நலம். அடுத்த முறை விளக்கு மினுக்கும்போது, முதலில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது அந்த அளவுகளையே.