பொலிஸ் மீது முறைப்பாடு: எங்கே சொல்வது?



"பொலிஸ் அடிச்சா பொலிஸ்லயே போய் எப்பிடிங்க சொல்றது?" என்று வெலிமடைப் பக்கத்து லயங்களில் எங்களிடம் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். 2023 மே மாதம், களவுப் புகாரில் கொழும்பு வெலிக்கடைப் பொலிஸார் பிடித்த பதுளை வீட்டுப் பணிப்பெண் ஒருவர் தடுப்பில் இருந்தபோது இறந்ததை நாம் மறக்கவில்லை.

பொலிஸ் நிலையத்துக்கு வெளியே இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, 2001இல் அரசியலமைப்பின் 17ஆம் திருத்தத்தால் வந்த தேசிய பொலிஸ் ஆணைக்குழு. பொலிஸார் மீது பொதுமக்கள் தரும் முறைப்பாட்டை விசாரிப்பது அதன் கடமை. மற்றது, 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த மனித உரிமைகள் ஆணைக்குழு. அதற்குப் பதுளையிலும் காரியாலயம் இருக்கிறது. இரண்டுக்கும் தமிழிலேயே எழுதலாம்.

நாள் கணக்கு முக்கியம். அடிப்படை உரிமை வழக்கை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் இந்தக் கணக்கில் சேராது. பயந்துகிட்டு இருந்தா மாசம் போயிடும்.

அடிபட்டவரை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க. காயம் எப்படி வந்தது என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்க. நாள், நேரம், இடம், பார்த்தவர் பெயர் எல்லாம் குறித்து வையுங்க. எழுதத் தெரியாதவங்க எங்களிடம் வாங்க. நாங்க எழுதித் தருகிறோம். பிரதி ஒன்று உங்க கையில் இருக்கட்டும்.